கண்டமாலையில் இருந்து ஃபேஸ் சீரம் வரை: கடல்பாசி நம்ம தோலுக்கு வந்த கதை

"சீவீட் எக்ஸ்ட்ராக்ட் கலந்த சீரம் முகத்துக்குப் போடலாமா டாக்டர்?"

இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். பாட்டில் போட்டோவும் அனுப்புகிறார்கள். நீல நிற லேபிள், அலை படம், "கடலின் ரகசியம்" மாதிரி ஒரு வாசகம்.

ஒரு வரியில் பதில் வேணும்னா இந்தாங்க: போட்டா பெரும்பாலானவங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. நல்லதும் சரி, கெட்டதும் சரி.

ஆனா இந்தப் பாசி எப்படி தோலுக்கு மருந்தா ஆச்சுன்னு தேடிப் படிச்சப்போ, இதை ஆரம்பிச்சு வெச்சதே எங்க ஆளுங்கதான்னு தெரிஞ்சது. அழகுக்கலை நிபுணர்கள் இல்லை, டாக்டர்கள். அந்தக் கதையில் காசநோய் வருது, தைராய்டு வருது, சோப்பு வருது, பல் டாக்டர் வர்றார், கடைசியா நம்ம ராமநாதபுரமும் வருது. கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உட்காருங்க.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் பிரைட்டன் என்று ஒரு ஊர். 1750க்கு முன்னால் அது சாதாரண மீனவர் ஊர். பக்கத்தில் லூயிஸ் என்ற ஊரில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்று ஒரு டாக்டர். சுரப்பி நோய்களுக்குக் கடல் நீர் எப்படிப் பயன்படும் என்று 1750ல் லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். சீக்கிரமே அது ஆங்கிலத்திலும் வந்து பரபரப்பாக விற்றது.

"சுரப்பி நோய்" என்று அவர் சொன்னதில் முக்கியமானது கண்டமாலை. கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கி, பழுத்து, உடைந்து, மாதக்கணக்கில் ஒழுகும். இன்று நமக்குத் தெரியும், அதில் பெரும்பாலானவை நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் காசநோய். அன்று தெரியாது. அதற்கு முந்தைய வைத்தியம் என்ன தெரியுமா? ராஜா தொட்டால் குணமாகும் என்பது. இங்கிலாந்தில் அந்த நோய்க்கு "அரசனின் நோய்" என்றே பெயர். பின்னாளில் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைச் சின்னக் குழந்தையாக இருந்தபோது தூக்கிக்கொண்டு போய், 1712ல் ஆன் ராணியின் கையால் தொட வைத்தார்கள். குணமாகவில்லை.

ராஜா தொடுவதோடு ஒப்பிட்டால் ரஸ்ஸல் செய்தது பெரிய முன்னேற்றம்தான். கடல் நீரைக் குடிக்கச் சொன்னார், கடலில் குளிக்கச் சொன்னார். கூடவே, பாறையில் வளரும் பழுப்பு நிறப் பாசி ஒன்றைப் பறித்து, அதில் முத்து முத்தாக இருக்கும் காற்றுப்பைகளை நசுக்கி, அந்தக் கொழகொழ சாற்றோடு கழுத்துக் கட்டி மேல் தேய்க்கச் சொன்னார். அதே பாசியைக் கருக்கிப் பொடி பண்ணிப் பல் தேய்க்கவும் சிபாரிசு செய்தார். இன்னிக்கு "சார்கோல் டூத்பேஸ்ட்", "மரைன் ஜெல்" ரெண்டையும் ஒரே கடையில் பார்க்கும்போது எனக்கு இந்த மனுஷன்தான் ஞாபகத்துக்கு வருவார்.

பணக்காரர்கள் பிரைட்டனுக்குக் குவிந்தார்கள். மீனவர் ஊர் உல்லாச நகரமாக மாறியது. "கடல் தோலுக்கு நல்லது" என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேர்விட்டதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அந்தப் பாசி வைத்தியம் வேலை செஞ்சதா?

காசநோய்க்குச் சுத்தமாக இல்லை. அதுக்கு வேண்டியது ஆறு மாச மாத்திரை. இன்னிக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாவே கிடைக்குது. (கழுத்துல வலியில்லாத கட்டி ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா தயவுசெஞ்சு எதையும் பூசாதீங்க, வந்து காட்டுங்க.) ஆனால் கழுத்தில் வீங்குவது எல்லாமே காசநோய் இல்லையே. சில பேருக்கு அது தைராய்டு வீக்கம். அவர்களில் சிலருக்குப் பாசியில் இருந்தும் அதன் சாம்பலில் இருந்தும் உண்மையாகவே பலன் கிடைத்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பத்தில் ரெண்டு பேருக்கு வேலை செய்கிற வைத்தியம் இருக்கே, அதுதான் மருத்துவ வரலாற்றில் ரொம்ப நாள் உயிரோடு இருக்கும். யாருக்குமே வேலை செய்யலைன்னா ஜனங்களே விட்டுடுவாங்க.

காரணம் தெரிய வந்தது 1811ல், ஒரு தற்செயலில்.

நெப்போலியன் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரான்சில் வெடிமருந்துக்கு உப்பு தயாரிக்கும் தொழிலில் இருந்தார் பெர்னார்ட் கூர்ட்வா. அதற்குக் கடல்பாசிச் சாம்பலைப் பயன்படுத்தினார். பாத்திரத்தின் அடியில் படிந்ததைக் கரைக்க கந்தக அமிலம் ஊற்றும்போது, கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. ஊதா நிறத்தில் புகை எழுந்தது. குளிர்ந்த இடத்தில் பட்டுக் கறுப்புப் படிகமாக உறைந்தது. அதுதான் அயோடின்.

ஜெனீவாவில் இருந்த டாக்டர் கோயிந்தே, பாசிச் சாம்பலும் சுட்ட கடல்பஞ்சும் கழுத்து வீக்கத்துக்குக் கேட்பது இந்த அயோடினால்தானோ என்று யோசித்தார். 1820ல் நேரடியாக அயோடினையே கொடுத்துப் பார்த்தார். வீக்கம் குறைந்தது. ஊரே அயோடின் கேட்டு வந்தது. அளவு தெரியாமல் குடித்தவர்களுக்குப் படபடப்பு, நடுக்கம், எடை இழப்பு. இன்று நாங்கள் தைராய்டு அதிகமாகச் சுரப்பதன் அறிகுறி என்று சொல்கிறோமே, அதேதான்.

இன்னொன்றும் அந்தக் காலத்து டாக்டர்கள் கவனித்தார்கள். அயோடின் உப்பு சாப்பிடும் சிலருக்கு முகம், முதுகு எல்லாம் பரு மாதிரிக் கொப்புளம். இது இன்றைய பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இதை நினைவில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்தது என் ஃபேவரைட் பாத்திரம். துஷேன் துபார்க் என்று ஒரு பிரெஞ்சு டாக்டர். சோரியாசிஸ் நோயாளிகளுக்கு, ரஸ்ஸல் தேய்க்கச் சொன்ன அதே பழுப்புப் பாசியின் சாற்றை உள்ளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தோல் செதில் சரியாகிறதா என்பதைவிட வேறொன்று அவர் கண்ணில் பட்டது. நோயாளிகள் இளைத்தார்கள். உடனே 1862ல் "உடல் பருமனுக்குப் பாசி" என்று ஒரு நூலே எழுதிவிட்டார்.

விடுவார்களா வியாபாரிகள்? அடுத்த இருபது வருஷத்துக்குள் அமெரிக்காவில் "ஆலன்ஸ் ஆன்ட்டி ஃபேட்" என்ற பாட்டில் மருந்து பத்திரிகை விளம்பரங்களில் வந்துவிட்டது. உள்ளே இருந்தது பாசிச் சாறு. இன்று ஸ்பாக்களில் உடம்பு முழுக்கப் பாசிப் பசை பூசி, பிளாஸ்டிக் சுற்றி, "இன்ச் லாஸ்" என்று பில் போடுகிறார்களே, அதற்கும் இந்த சோரியாசிஸ் நோயாளிகளுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. அந்த ராப் முடிஞ்சதும் சுற்றளவு குறையறது இறுக்கிக் கட்டினதாலயும் வியர்வையாலயும்தான். ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சா திரும்ப வந்துடும்.

கொஞ்சம் பின்னால் போவோம். பாசி மருந்தாக மட்டும் தோலைத் தொடவில்லை. அதைவிடப் பெரிய அளவில் சோப்பாகத் தொட்டது.

சோப்பு செய்ய எண்ணெய், கொழுப்பு மட்டும் போதாது, காரம் வேணும். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்கு அந்தக் காரம் ஸ்பெயினில் வளரும் ஒருவகைச் செடியின் சாம்பலில் இருந்து வந்தது. இல்லை என்றால் கடல்பாசிச் சாம்பல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் 1722ல் ஒரு நிலச்சுவான்தார் பாசி எரிக்கும் தொழிலைத் தொடங்கினார். கல்லால் குழி கட்டி, காய்ந்த பாசியைப் போட்டு எரித்து, உருகிக் கட்டியாகும் சாம்பலைக் கப்பலில் ஏற்றுவார்கள். ஒரு டன் சாம்பலுக்கு இருபது டன்னுக்கும் மேல் ஈரப்பாசி தேவை. புகை மீனை விரட்டுகிறது, மாடுகளைக் கெடுக்கிறது என்று தீவு மக்கள் 1742ல் கலவரமே செய்தார்கள்.

நெப்போலியன் போர்க் காலத்தில் ஸ்பெயின் சரக்கு வரத் தடை. பாசிச் சாம்பல் விலை டன்னுக்கு 20 பவுண்டு வரை ஏறியது. முழங்கால் அளவு குளிர்ந்த நீரில் நின்று பாசி அறுத்தவர்களுக்குக் கிடைத்தது அதில் சின்னப் பங்குதான். மிச்சம் நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு. அந்த ஜனங்கள் கப்பலேறி அமெரிக்கா, கனடா போகப் பார்த்தபோது, 1803ல் பயணிகள் கப்பல் சட்டம் என்று ஒன்று வந்தது. பயணிகளின் நலனுக்கு என்று சொன்னார்கள். அதன் விளைவாகக் கப்பல் கட்டணம் தாறுமாறாக ஏறியது, ஏழைகள் கிளம்ப முடியவில்லை. பாசி எரிக்க ஆள் வேண்டும் என்ற முதலாளிகளின் கணக்கு அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

போர் முடிந்தது, ஸ்பெயின் சாம்பல் திரும்பி வந்தது, ரசாயன முறையில் சோடா தயாரிக்கும் தொழிற்சாலைகளும் வந்தன. பாசிச் சாம்பல் விலை சரிந்தது. இப்போது அதே முதலாளிகளுக்கு அந்த ஜனங்கள் பாரமாகிவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள்.

இந்தச் சரிவில் இருந்து தொழிலைக் காப்பாற்ற முயன்றவர்தான் ஸ்டான்ஃபோர்ட் என்ற வேதியியலாளர். எரித்துவிட்டால் பாசியில் இருக்கும் மதிப்பான பொருள் எல்லாம் புகையாகப் போய்விடுகிறதே, எரிக்காமல் எதையாவது எடுக்க முடியுமா என்று தேடினார். பாசியைச் சோடாவில் ஊறவைத்தபோது கொழகொழவென்று ஒரு பசை வந்தது. 1881ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் ஆல்ஜினேட்.

அந்த வருஷத்தை ஒட்டியே ஜெர்மனியில் ஒரு சமையலறையில் இன்னொரு சம்பவம். ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவுக்கு ஒரு தலைவலி. கிருமி வளர்க்க ஜெலட்டின் ஜெல்லி பயன்படுத்தினார்கள். கோடையில் அது உருகி ஓடிவிடும். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, "நான் செய்யற புட்டிங் வெயிலில் உருகறதில்லையே, அதைப் போட்டுப் பாருங்க" என்கிற மாதிரி ஒரு யோசனை சொன்னார். அவர் பயன்படுத்தியது அகர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அக்கம்பக்கத்தாரிடம் இருந்து அந்தக் குடும்பம் கற்றுக்கொண்டது. 1882ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக காக் வெளியிட்ட கட்டுரையில் அகர் பற்றி ஒரு வரி வருகிறது. ஃபேனியின் பெயர் வரவில்லை.

ரம்ஜான் நோன்பு திறக்கும் வீடுகளில் ரோஸ்மில்க் கலரில் ஒரு கடல்பாசி வைப்பாங்களே, அதே பொருள்தான். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில்கூட அது தட்டில் நிற்கும், கடையில் வாங்கும் ஜெலட்டின் ஜெல்லி நிற்காது. ஃபேனி அம்மா கண்டது அதைத்தான். இன்றும் எங்கள் மருத்துவமனையில் சிறுநீர் கல்ச்சர் என்று எழுதிக் கொடுத்தால், லேபில் அது பாசிக் கூழ் மேல்தான் வளர்கிறது.

இரண்டாம் உலகப் போர் இந்த இரண்டு பொருள்களையும் தோலுக்குக் கொண்டுவந்தது. அகரின் பெரும் பங்கு ஜப்பானில் இருந்து வந்தது. போரில் அது நின்றது. பல் அளவெடுக்க டாக்டர்கள் அகரைத்தான் பயன்படுத்தினார்கள். மாற்றாக ஆல்ஜினேட் பொடி வந்தது. தண்ணீரில் கலந்து தட்டில் வைத்து வாயில் அமுக்கினால், ரெண்டு மூணு நிமிஷத்தில் ரப்பராக இறுகும். பல் செட் அல்லது கிளிப் போட்டவர்களுக்கு அந்த அனுபவம் இருக்கும்.

இப்போ பியூட்டி பார்லரில் முகத்தில் பசையாகப் பூசி, இருபது நிமிஷம் கழித்து ரப்பர் முகமூடி மாதிரி முழுசா உரிச்சு எடுக்கிற "பீல் ஆஃப் மாஸ்க்" இருக்கு பாருங்க. அதே வேதியியல்தான். சோடியம் ஆல்ஜினேட், ஒரு கால்சியம் உப்பு, நிரப்புப் பொடி. பல் டாக்டர் வாயில் வைப்பதைப் பார்லரில் முகத்தில் வைக்கிறார்கள். முகம் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கும். அது உண்மை. அதற்கு மேல் "டீடாக்ஸ்" எல்லாம் நடப்பதில்லை. உடம்பில் இருந்து கழிவை வெளியேற்ற கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கு, கன்னம் இல்லை.

ஆல்ஜினேட்டின் உண்மையான தோல் வைத்தியம் வேற இடத்தில் நடந்தது. அதை யாரும் விளம்பரம் பண்ணுவதில்லை. 1940களில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆல்ஜினேட்டை நூலாக, பஞ்சாக ஆக்கிக் காயத்தில் வைத்துப் பார்த்தார்கள். கால்சியம் ஆல்ஜினேட் காயத்தில் கசியும் நீரைத் தொட்டதும், தன்னிடம் இருக்கும் கால்சியத்தைக் கொடுத்து, அங்கே இருக்கும் சோடியத்தை வாங்கிக்கொள்ளும். பஞ்சு ஜெல்லாக மாறும். கொடுத்த கால்சியம் ரத்தம் உறைய உதவும். ஜெல் காயத்தை ஈரமாக வைக்கும், பிரிக்கும்போது புதுத் திசுவைப் பிய்த்துக்கொண்டு வராது.

அன்று அதற்குப் பெரிய மதிப்பு கிடைக்கவில்லை. காயம் காய்ந்து பொருக்குத் தட்டணும் என்பதுதான் அப்போதைய நம்பிக்கை. நம்ம வீடுகளில் இன்னும் அதுதான் நம்பிக்கை. 1962ல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், மூடி ஈரமாக வைத்த காயம் திறந்து காயவிட்ட காயத்தைவிட வேகமாக ஆறியது தெரிந்தது. அதன் பிறகுதான் 1980களில் ஆல்ஜினேட் டிரெஸ்ஸிங் மருத்துவமனைகளுக்குள் பரவலாக வந்தது. சர்க்கரை நோயாளியின் காலில் நீர் கோர்த்து வழியும் புண், தீக்காயத்துக்குத் தோல் எடுத்த இடம், இங்கெல்லாம் அது இன்று பயன்படுகிறது. கடல்பாசி மனிதத் தோலுக்குச் செய்த மிகப் பெரிய நன்மை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்த சீரமும் பக்கத்தில் வராது.

சரி, அழகு சாதனத்துக்கு எப்படித் தாவியது? பிரான்ஸ் வழியாக. கடல் நீர், கடல் சேறு, பாசி வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு 1860களிலேயே அங்கே "தலாசோதெரபி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1899ல் பிரிட்டனி கரையில் ரோஸ்காஃப் என்ற ஊரில் லூயி பாகோ என்ற டாக்டர் அதற்கு ஒரு நிலையம் தொடங்கினார், மூட்டு வலிக்காரர்களுக்காக. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற லூயிசன் போபே, விபத்துக்குப் பிறகு அங்கே சிகிச்சை எடுத்தார். அதில் ஈர்க்கப்பட்டு 1964ல் கிபெரோன் என்ற ஊரில் ஹோட்டலோடு சேர்ந்த பெரிய நிலையம் திறந்தார். நோயாளி போய் விருந்தாளி வந்தார். விருந்தாளி வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு டப்பா கொடுத்தனுப்ப வேண்டாமா? பாசி க்ரீம் கம்பெனிகள் அந்தக் கரையில் வரிசையாக முளைத்தன.

அமெரிக்காவில் "லா மேர்" க்ரீம். மேக்ஸ் ஹியூபர் என்ற விண்வெளித் துறை இயற்பியலாளர் ஆய்வக விபத்தில் தீக்காயம் பட்டு, 12 வருஷம், 6,000 சோதனைகள் செய்து, பாசியைப் புளிக்க வைத்து ஒரு ரசம் கண்டுபிடித்தார் என்பது அந்த பிராண்ட் சொல்லும் கதை. அவர் இறந்த பிறகு 1995ல் எஸ்டே லாடர் நிறுவனம் அதை வாங்கியது. கதையைக் கவனிங்க. தீக்காயம், தனிமனித வைராக்கியம், கடல். ரஸ்ஸலுக்கு அப்புறம் 200 வருஷம் ஆகியும் விற்கப்படுவது கடல் மேல இருக்கிற அதே நம்பிக்கைதான்.

இப்ப உங்க பாட்டிலுக்கு வருவோம்.

பாசியில் சுவாரஸ்யமான பொருள்கள் இருப்பது நிஜம். ஃபியூகாய்டன் என்று ஒன்று, 1913ல் ஸ்வீடனில் ஹரால்ட் கைலின் பிரித்தெடுத்தார். ஆய்வகத்தில் அழற்சியைக் குறைக்கிறது. நோரி வகைச் சிவப்புப் பாசிகளில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் இருக்கிறது, வெயிலில் கிடக்கும் பாசி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்குவது. ஆனால் தட்டில் வளர்க்கும் செல் மேல் ஊற்றுவது வேற, உங்க கன்னத்து மேல் பூசுவது வேற. நம்ம தோலின் மேலடுக்கு ஒரு கறாரான வாட்ச்மேன். பொதுவாக 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு உள்ளே போவது கஷ்டம். ஃபியூகாய்டன், ஆல்ஜினேட் எல்லாம் பல ஆயிரம், சில சமயம் லட்சம் டால்டன். அவை தோல் மேல் படலமாக உட்காரும், ஈரம் போகாமல் பிடித்து வைக்கும். அது நல்ல வேலைதான். அதே வேலையை கிளிசரினும் வாசலினும் முப்பது ரூபாய்க்குச் செய்யும்.

லேபிளைப் படிக்க ஒரு சின்ன வழி. பொருள்கள் அதிக அளவில் இருந்து குறைந்த அளவுக்கு என்ற வரிசையில் எழுதப்படும். பீனாக்ஸி எத்தனால் என்ற பதப்படுத்தி இருக்கும், அதை 1 சதவிகிதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. உங்க "அல்ஜி எக்ஸ்ட்ராக்ட்" அந்தப் பெயருக்குப் பின்னால் வந்தால், அதுவும் 1 சதவிகிதமோ அதற்குக் கீழேயோதான். பாட்டிலின் முன்பக்கம் முழுக்க அலை, பின்பக்கம் ஒரு சொட்டு.

முகப்பரு இருக்கிறவர்கள், அடர்த்தியான பாசி க்ரீம் போட்டுப் பரு கூடுதுன்னு தோணினால் நிறுத்திடுங்க. தைராய்டு நோய் இருக்கிறவர்கள் பூசுவதைப் பற்றிப் பெரிசாகப் பயப்பட வேண்டாம். ஆனா "ஸ்கின் க்ளோ"ன்னு விற்கிற பாசி மாத்திரை, கெல்ப் காப்ஸ்யூல் வேண்டவே வேண்டாம். அது கோயிந்தே காலத்துப் பிரச்சினையைக் காசு கொடுத்து வாங்குவது. கர்ப்பிணிகளுக்கும் இதே பதில்தான்.

நம்ம பக்கத்துக்கு வரேன்னு சொன்னேன் இல்லையா.

கொல்கத்தாவில் இருந்த டாக்டர் ஓ'ஷானசி, ஐவி ஃப்ளூயிட் என்ற யோசனைக்கே காரணமானவர்களில் ஒருவர், 1830களில் கூழாகும் ஒரு வெள்ளைப் பாசியை ஆராய்ந்து எழுதினார். வியாபாரத்தில் அதற்கு சிலோன் பாசி, யாழ்ப்பாணப் பாசி என்று பெயர். மன்னார் வளைகுடாவில் அதன் நெருங்கிய சொந்தத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் கஞ்சிப்பாசி. கஞ்சி காய்ச்சிக் குடித்ததால் அந்தப் பெயர். அகர் எடுக்க மரிக்கொழுந்து, ஆல்ஜினேட் எடுக்க கட்டக்கோரையும் பக்கோடா பாசியும். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார் குருசடைத் தீவுப் பாசிகளைப் பற்றி 1927லேயே எழுதிவிட்டார். போரில் ஜப்பான் அகர் நின்றபோது இந்தியாவிலும் மாற்றுத் தேடினார்கள். 1960களில் இருந்து வியாபாரிகளுக்காகப் பாசி எடுப்பது ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்களின் தொழிலாகிவிட்டது.

அந்த மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தபோது, பாசி எடுக்கும் அக்காமார்களை ஓபியில் பார்த்திருக்கிறேன். அவர்கள் தோலுக்கு வைத்தியம் கேட்டு வர மாட்டார்கள். காய்ச்சல், பிரஷர், பேரப்பிள்ளைக்கு இருமல் என்று வருவார்கள். நாடி பிடிக்கக் கையை வாங்கும்போதுதான் தெரியும். விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த தழும்பு. விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் திணிப்பார்கள். கால்களில் வீட்டில் செய்த ரப்பர் செருப்பு. நாள் முழுக்க உப்புத் தண்ணீர், மேலே வெயில். ஜெல்லி மீன் பட்டால் தடித்துவிடும், காதில் சீழ், விரலிடுக்கில் படை. "கையுறை போட்டுக்கலாமேக்கா" என்று ஒருத்தரிடம் கேட்டேன். "போட்டா பாசி கைக்கு அகப்படாது தம்பி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. களிம்பு எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

1986ல் அங்கே இருக்கும் 21 தீவுகளும் சுற்றுக் கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைக்கு அது அவசியம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அம்மா காலத்தில் இருந்து போய்வந்த தீவுக்குப் போவது இவர்களுக்குக் குற்றமாகிவிட்டது. வனத்துறையோடு பல வருஷம் இழுபறி. இந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம், வேரோடு பிடுங்க மாட்டோம் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015ல் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு அதற்காக விருது கொடுத்தது.

இன்னொரு பக்கம், பிலிப்பைன்ஸில் இருந்து உலகம் முழுக்கப் பரவிய கப்பாஃபைகஸ் என்ற பாசி. டூத்பேஸ்ட், லோஷன் எல்லாவற்றையும் கெட்டியாக்கும் காராஜீனன் அதில் இருந்துதான் வருகிறது. மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம் அதை வளர்த்துக் காட்ட, 2000த்தின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் களத்தில் இறங்கியது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, துண்டு துண்டாகக் கோர்த்துவிட்டால் 45 நாளில் அறுவடை. முங்க வேண்டாம், பாறையில் கை கிழிய வேண்டாம். சுய உதவிக் குழுக்களுக்குக் கையில் காசு வந்தது. ஆனால் 2008ல் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் அது படர்ந்து மூடுவதை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். சில வருஷம் கழித்து, கடல் சூடாகிப் பாசியே கொத்துக் கொத்தாக அழுகிப்போன பருவங்களும் வந்தன.

2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்ல நாற்று, பதப்படுத்தும் வசதி, தொழில்முனைவோருக்கு இடம் என்று திட்டம். இதுவரை உலர்த்தி மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுப்பதோடு இந்தக் கரையின் பங்கு முடிந்துவிடும். மூட்டை வெளியூர் ஆலைக்குப் போய், பொடியாகி, அங்கிருந்து க்ரீமாகித் திரும்பி வரும். அந்தப் பூங்காவில் ஆல்ஜினேட் டிரெஸ்ஸிங் தயாரிக்க ஒரு சின்ன யூனிட் வந்தால், சர்க்கரைப் புண் வார்டுக்கு முதல் ஆளாக இண்டென்ட் எழுத நான் ரெடி.